நிறுத்திய நீரும் ஓட்டிய நீரும்: மலாக்காத் தோட்டங்கள் கற்பித்த இரு பாடங்கள்



மலாக்கா மாநிலத்தின் ஊர்ப்பெயர்களில் பல நீரைப் பற்றியவை. ஆயர் குரோ என்றால் கலங்கிய நீர். ஆயர் மோலேக் என்றால் அழகிய நீர். ஆயர் பானாஸ் என்றால் வெந்நீர். பாயா ரும்புட் என்பது புல் மண்டிய சதுப்பு. சுங்கை ஊடாங் இறால் ஆறு. அலோர் காஜா என்னும் பெயரின் முற்பகுதி, நீரோடும் தாழ்ந்த தடத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல். அதை யானைத் தடம் என்றும் விளக்குவர். இவ்வூர்களுக்குப் பெயரிட்டவர்கள், ஓரிடத்தில் குடியேறுமுன் அங்கே நீர் எப்படி நிற்கும், எவ்வழியாக ஓடும் என்பதை அறிந்திருந்தார்கள். இன்று அவ்வூர்களுள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பெயரில் இருக்கும் சதுப்பு நிலத்தில் இல்லை. ஆனால் மழை பழைய பெயரை மறக்கவில்லை.

நகர வெள்ளத்தைக் குறைந்த செலவில், மண்ணையும் செடிகொடிகளையும் துணையாகக் கொண்டு தடுக்கும் முறையை இக்காலப் பொறியாளர் 'பசுமைக் கட்டமைப்பு' என்கின்றனர். மழை விழுந்த இடத்திலேயே நீரைச் சற்று நிறுத்தி, மண்ணுக்குள் இறக்கி, மிஞ்சியதை மெல்ல விடுவதே அதன் கருத்து. இது மேல்நாட்டிலிருந்து அண்மையில் வந்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். மலாக்காவின் தோட்டப்புறங்களில் இதே வேலையைத் தமிழ்த் தொழிலாளர்கள் மண்வெட்டியும் கூடையும் கொண்டு பல பத்தாண்டுகளுக்கு முன்பே செய்தார்கள் என்பதையும், அந்த வேலையின் ஒரு பாதியை மட்டும் நகரம் எடுத்துக்கொண்டு மறுபாதியைக் கைவிட்டது என்பதையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம். எனவே இது வரலாற்றுரை. ஆயினும் அவ்வரலாற்றின் விளைவை ஒவ்வொரு பெருமழையிலும் தாழ்நிலத்துக் குடியிருப்புகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

மரவள்ளியும் பால்மரமும்

மலாக்கா சிறிய மாநிலம். அதன் பரப்பு 1,600 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நிலம் உள்நாட்டுக் குன்றுகளிலிருந்து கடலை நோக்கிச் சரிகிறது. கரையோரம் தட்டையான தாழ்நிலம். மலாக்கா ஆறு நகரின் நடுவே ஓடிக் கடலில் கலக்கிறது. கிழக்கில் கெசாங் ஆறு ஜொகூர் எல்லையை ஒட்டி ஓடுகிறது. மேட்டில் என்ன நேர்ந்தாலும் அதன் பயனோ கேடோ சில மணி நேரத்திற்குள் தாழ்நிலத்தை எட்டிவிடும். இதனை மனத்திற்கொண்டால் பின்னர் வந்தவை தெளிவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலாக்காவின் உள்நாட்டுப் பகுதிகளில் மரவள்ளிச் சாகுபடி பரவியது. சீன முதலீட்டாளர்கள் காட்டை அழித்து மரவள்ளி பயிரிட்டனர். அப்பயிர் சில ஆண்டுகளிலேயே மண்ணின் வளத்தை உறிஞ்சிவிடும். பின்னர் அந்நிலத்தைக் கைவிட்டு அடுத்த காட்டை அழித்தனர். கைவிட்ட நிலத்தில் லாலாங் புல் மண்டியது. மேட்டுநிலம் மரப்போர்வை இழந்த முதற்கட்டம் இது.

இரண்டாம் கட்டம் ரப்பரோடு வந்தது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லியின் ஊக்கத்தால் தான் சே யான் 1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். மலாயாவில் வணிக நோக்கோடு அமைந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் அவர் புக்கிட் அசகானில் மிகப் பெரிய பரப்பில் ரப்பர் நட்டார். அடுத்த சில பத்தாண்டுகளில் மாநிலத்தின் மேட்டுப்பகுதிகள் தோட்டங்களாயின. தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் வழியே வந்த தொழிலாளர்கள் அங்கே லயங்களில் குடியேறினார்கள்.

அக்காலத் தோட்ட நிருவாகத்தார் ஒரு கொள்கையில் உறுதியாக இருந்தனர். பால்மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இருக்கலாகாது என்பது அக்கொள்கை. களை மரத்தின் உணவைப் பறிக்கும் என்று அஞ்சினர். புல்லற்ற தோட்டமே நன்கு நடத்தப்படும் தோட்டம் என்று மதித்தனர். ஆகவே பெண்களும் முதியோரும் நாள்தோறும் புல் வெட்டினார்கள். சரிவுகள் வழித்துவிட்ட முற்றம்போல் இருந்தன. வெப்பமண்டலப் பெருமழை அந்த வெற்றுமண்ணின்மீது விழுந்தது. மேல்மண் கரைந்து ஓடைகளுக்கும் ஆறுகளுக்கும் சென்றது. ஆறுகள் மேடிட்டன, கரை வழிந்தன. மலாயா முழுவதிலும், ஈயச் சுரங்கங்களின் மணலோடு தோட்டங்களின் வண்டலும் சேர்ந்து ஆறுகளைத் தூர்த்தன. 1926ஆம் ஆண்டு இறுதியில் தீபகற்பத்தைத் தாக்கிய பெருவெள்ளத்தைக் கிளந்தான் மக்கள் இன்றும் 'செவ்வெள்ளம்' என்னும் பொருள்படும் பெயரால் நினைவுகூர்கின்றனர். நீரின் நிறமே அதற்கு அப்பெயரைத் தந்தது. மண் கரைந்தோடிய நிறம் அது.

முதற் பாடம்: நீரை ஓட்டு

இதே காலத்தில் தோட்டங்களில் வேறொரு துயரம் நடந்துகொண்டிருந்தது. காட்டைத் திறந்து அமைத்த புதுத் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் தமிழ்த் தொழிலாளர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. கொசுவே அக்காய்ச்சலைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் 1897இல் இந்தியாவில் கண்டறிந்தார். அதன் அடிப்படையில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் 1901இல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சதுப்புகளை வடித்துக் காய்ச்சலை வெகுவாகக் குறைத்தார். உலகில் வடிகால் கொண்டு மலேரியாவைத் தடுத்த முன்னோடி முயற்சிகளுள் அஃது ஒன்று.

வாட்சனின் பணி தோட்டங்களுக்கும் பரவியது. குன்றுப் பகுதிகளில் ஒரு சிக்கல் வெளிப்பட்டது. சமநிலத்துச் சதுப்பில் வாழும் கொசு வேறு; குன்றுகளின் இடுக்கில் வெயில்படும் தெளிந்த ஓடையில் வாழும் கொசு வேறு. ஓர் இனத்தை ஒழிக்கக் காட்டை வெட்டினால் மற்றோர் இனம் பெருகியது. ஆகவே லயங்களைச் சூழ்ந்த இடுக்குகளில் ஓடைகளை நேராக்கி, சில இடங்களில் குழாய் பதித்து நிலத்தடியே நீரைக் கடத்தினார்கள். லயத்தருகே நீர் தேங்கவே கூடாது என்பது விதியாயிற்று.

அவையோரே, இந்த விதியை இன்று நாம் எளிதாகக் குறைகூற முடியாது. அது பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. 'நீரை நிற்கவிடாதே, விரைந்து ஓட்டு' என்பது அதிகாரிகளின் மனத்தில் வெறும் பொறியியல் விதியாக மட்டும் பதியவில்லை. நலவாழ்வின் முதல் விதியாகவே பதிந்தது. அந்த வடிகால்களை வெட்டியவர்களும், தூர்வாரியவர்களும், எண்ணெய் தெளித்தவர்களும் பெரும்பாலும் தமிழர்களே. பின்னர் நகராண்மைக் கழகங்களிலும் பொதுப்பணித் துறையிலும் சாலை, வடிகால் வேலைகளுக்கு அமர்ந்தவர்களுள்ளும் தமிழர் தொகை மிகுதி. நகரின் நலவாழ்வு அவர்கள் கையில் இருந்தது. ஊரார் அவர்களை அந்தக் கண்கொண்டு பார்த்தது குறைவு.

இரண்டாம் பாடம்: நீரை நிறுத்து

மேட்டுச் சரிவுகளில் இதற்கு நேர்மாறான பாடம் உருவாயிற்று. மண் கரைந்தோடுவதால் மரங்களின் வேர் வெளிப்பட்டது, மகசூல் குறைந்தது. நட்டம் கண்ட பின்னரே நிருவாகத்தார் மண்ணைக் காக்க முனைந்தனர். 1925இல் மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. 1930களில் அக்கழகத்தின் மண்ணியலார், களையை முற்றாக ஒழிப்பது தீது என்றும் இயல்பாக வளரும் அடிச்செடிகளை அளவோடு விட்டுவைப்பது நன்று என்றும் வற்புறுத்தினர். தோட்டங்களில் மூன்று வேலைகள் வழக்கத்திற்கு வந்தன.

முதலாவது, மூடுபயிர். அவரைக் குடும்பத்தைச் சார்ந்த கொடிகளை மரநிரைகளுக்கிடையே பரவவிட்டனர். கொடி மழைத்துளியின் அடியைத் தாங்கியது. வேர் மண்ணைப் பொலபொலப்பாக்கியது. நீர் உள்ளே இறங்கியது. காற்றிலுள்ள நைட்ரஜன் மண்ணுக்கு உரமாயிற்று. இரண்டாவது, சமமட்ட வரப்பும் படிநிலமும். சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வரப்பிட்டு, நீர் நேராகப் பாயாமல் தடுத்தனர். மூன்றாவது, வண்டல் குழி. வரப்பையொட்டி நீண்ட குழிகளை ஒன்றுவிட்டொன்று மாறிமாறி வெட்டினர். மேலிருந்து வரும் நீர் குழியில் நின்று, வண்டலைப் படியவிட்டு, மண்ணுக்குள் இறங்கும். படிந்த வண்டலை வாரி மரத்தடியில் போட்டனர்.

இவ்வேலையின் பயனை ஓர் எளிய கணக்கால் உணரலாம். பத்தடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழமுள்ள ஒரு குழி 60 கனஅடி நீரைக் கொள்ளும். அஃது ஏறத்தாழ 1,700 லிட்டர். ஓர் எக்டர் நிலத்தில் அத்தகைய குழிகள் நூறு இருப்பதாகக் கொண்டால் 1,70,000 லிட்டர் நீர் அங்கேயே நிற்கும். அந்த எக்டர் முழுவதும் பெய்த மழையில் 17 மில்லிமீட்டர் அளவு அது. கொடியும் இலைச்சருகும் மண்ணும் உறிஞ்சுவது இதற்கு மேல். சாதாரண மழைகள் பலவற்றில் சரிவிலிருந்து பெருநீர் இறங்காமல் தடுக்க இதுவே போதும். சிமெண்டும் இரும்பும் இன்றி, மண்வெட்டி ஒன்றினால் முடிந்த வேலை இது.

இக்குழிகளை வெட்டியவர்களுக்கு இதன் கருத்து புதிதாக இருந்திருக்காது. அவர்கள் வந்த மாவட்டங்களுள் பல, ஏரிப்பாசனத்தை நம்பி வாழ்ந்தவை. மழை சில மாதமே பெய்யும் நிலத்தில், பெய்த நீரைப் படிப்படியாக நிறுத்தி வாழ்ந்த மரபு அது. மேல் ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்து, மறுகால் வழியே கீழ் ஏரிக்குச் செல்லும். ஒவ்வோர் ஏரியும் தனக்குக் கீழுள்ள ஊரை வெள்ளத்திலிருந்தும் வறட்சியிலிருந்தும் ஒருசேரக் காத்தது. அவ்வறிவைத் தோட்ட நிருவாகம் கேட்டுப் பயன்படுத்தியதாகச் சொல்வதற்கில்லை. திட்டம் துரையுடையது, கை தொழிலாளியுடையது. ஆயினும் மட்டம் பார்த்து வரப்பிடவும், நீரின் போக்கறிந்து குழி வெட்டவும் வேண்டிய நுட்பம் அக்கையில்தான் இருந்தது. நமது தோட்ட வரலாற்றைப் பால்வெட்டின் வரலாறாக மட்டுமே எழுதி வந்திருக்கிறோம். மண்வேலையின் வரலாறும் அதற்குள் உண்டு.

நகரம் எடுத்துக்கொண்டதும் விட்டதும்

ஆக, ஒரே தோட்டத்தில் இரு பாடங்கள் இருந்தன. லயத்தருகே நீரை ஓட்டு. சரிவிலே நீரை நிறுத்து. இரண்டும் தத்தம் இடத்தில் சரியானவை. விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், பின்னர் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் விற்கப்பட்டும் வந்தபோது, நகரம் முதற் பாடத்தை மட்டுமே எடுத்துக்கொண்டது. கூரைநீர் கால்வாய்க்கு, கால்வாய் நீர் பெருவடிகாலுக்கு, பெருவடிகால் நீர் ஆற்றுக்கு, ஆற்றுநீர் கடலுக்கு என, எவ்வளவு விரைவாகக் கடத்த முடியுமோ அவ்வளவு விரைவாகக் கடத்தும் சிமெண்டு வடிகாலே வளர்ச்சியின் அடையாளமாயிற்று. சரிவுகளை வெட்டி இடுக்குகளை நிரப்பிச் சமனாக்கியபோது வரப்புகளும் குழிகளும் ஒரே நாளில் மறைந்தன.

இதன் விளைவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் எக்டரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 இலட்சம் லிட்டர் நீர். கொடி மூடிய தோட்டத்தில் அதில் பத்தில் மூன்று பங்கு ஓடுவதாகக் கொள்வோம். அது மூன்று இலட்சம் லிட்டர். கூரையும் தாரும் சிமெண்டும் மூடிய நகரில் பத்தில் ஒன்பது பங்கு ஓடும். அஃது ஒன்பது இலட்சம். ஓடும் நீர் மும்மடங்கானது மட்டுமன்று. தோட்டத்தில் பல மணி நேரம் எடுத்துக்கொண்டு வந்த நீர், வழுவழுப்பான வடிகாலில் சில நிமிடங்களில் வந்து குவிகிறது. மேலே உள்ள வீடமைப்புப் பகுதி தன் வெள்ளத்தைத் தீர்க்கவில்லை. கீழே உள்ளவர்களுக்கு அனுப்பிவிட்டது.

கீழேயும் நிலைமை மாறியிருந்தது. மலாக்கா நகரின் கடற்கரை 1970களிலிருந்து தூர்க்கப்பட்டு வந்தது. ஒருகாலத்தில் அலை மோதிய பண்டார் ஹிலிர் திடலுக்கும் கடலுக்கும் இடையே இன்று பேரங்காடிகளும் கடைவரிசைகளும் நிற்கின்றன. கடல் விலகிய அளவுக்கு வடிகால்கள் நீண்டன. நீளும்தோறும் அவற்றின் சரிவு குறைந்தது. கடல் ஏறும் நேரத்தில் பெருமழை பெய்தால் நீர் வெளியேற வழியில்லை. எவ்வளவு அகலமான வடிகால் கட்டினாலும் ஏற்றக் கடலுக்குள் அது நீரைத் தள்ளாது. அந்தச் சில மணி நேரம் நீர் எங்கேனும் நின்றாக வேண்டும். நிற்க இடம் தராவிட்டால் வீடுகளுக்குள் நிற்கும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் தென் மாநிலங்களைத் தாக்கிய வெள்ளத்திலும், 2022 ஜனவரி வெள்ளத்திலும் மலாக்கா பாதிப்புற்றது.

இதே மலாக்காதான் 1991இல் நீரின்றித் தவித்தது. டுரியான் துங்கல் அணைக்கட்டு வறண்டு, மாநிலம் முழுவதும் நீர்ப்பங்கீடு செய்ய நேர்ந்தது. மழைநீரை விரைந்து கடலுக்கு அனுப்பும் மாநிலம், சில மாதம் மழை பொய்த்தால் அண்டை மாநிலத்து ஆற்றை எதிர்நோக்கியது. வெள்ளமும் வறட்சியும் எதிரெதிரானவை அல்ல. நிறுத்தத் தெரியாமையின் இரு விளைவுகள் அவை. ஏரி மரபிலிருந்து வந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டம் விற்கப்பட்டபோது லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுள் பல, வாங்க இயன்ற விலையில் கிடைத்த மலிவு வீடுகளுக்கும் தாழ்நிலத்துப் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் சென்றன. மலிவு நிலம் பெரும்பாலும் தாழ்ந்த நிலம். தாத்தா குழி வெட்டி நிறுத்திய நீர், அக்குழி தூர்க்கப்பட்ட பின் பேரனின் வீட்டுக்குள் வருகிறது. தோட்டத் துண்டாடலால் நாம் இழந்தவற்றைக் கூலியாகவும் குடியிருப்பாகவும் பள்ளியாகவும் கணக்கிட்டிருக்கிறோம். இந்த இழப்பையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

மீண்டும் நிறுத்துதல்

1971 ஜனவரியில் கோலாலம்பூரை மூழ்கடித்த வெள்ளத்திற்குப் பின் நாடு வெள்ளத் தடுப்புக்குத் தனி ஆணையம் அமைத்தது. தொடக்கத்தில் ஆறுகளை ஆழப்படுத்துவதும் வடிகால்களை அகலப்படுத்துவதுமே தீர்வாக இருந்தன. நகரம் பெருகப் பெருக அத்தீர்வு பின்தங்கியது. 2007இல் கோலாலம்பூரில் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் நீள ஸ்மார்ட் சுரங்கம் வெள்ளநீரையும் வாகனங்களையும் கடத்தும் அரிய பொறியியல் சாதனை. அதற்கு ஏறத்தாழ 190 கோடி ரிங்கிட் செலவாயிற்று. தலைநகரின் மையத்தைக் காக்க அச்செலவு தகும் எனலாம். ஜாசினுக்கோ அலோர் காஜாவுக்கோ அப்படியொரு சுரங்கம் வரப்போவதில்லை.

வடிகால் நீர்ப்பாசனத் துறை வேறொரு வழியையும் திறந்தது. 2001 தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்த 'மெஸ்ரா ஆலாம்' வடிகால் கையேடு, அதாவது இயற்கைக்கு இணக்கமான வடிகாலுக்கான வழிகாட்டி, பழைய விதியைத் தலைகீழாக்கியது. ஒரு நிலத்தை மேம்படுத்தும் நிறுவனம் அந்நிலத்திலிருந்து வெளியேறும் வெள்ள உச்சத்தை முன்பிருந்த அளவுக்குள் நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். கையேட்டின் இரண்டாம் பதிப்பு 2012இல் வந்தது. அதில் கூறப்படும் புல்வாய்க்கால், ஊறல் குழி, மழைத்தோட்டம், தேக்கக் குளம் முதலியவற்றைப் படிக்கும் தோட்டப்புறத்து முதியவர் எவரும் வண்டல் குழியையும் வரப்பையும் நினைவுகூராமல் இருக்க மாட்டார்.

இம்முறை நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதற்கு நாட்டிற்குள்ளேயே சான்று உண்டு. பினாங்கு மாநிலம் நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம், முன்பு செம்பனை நின்ற தட்டையான நிலத்தில் அமைந்தது. அங்கே 2000களின் தொடக்கத்தில் சிமெண்டு வடிகால்களுக்கு மாற்றாகப் புல்வாய்க்கால்களும், அவற்றின் அடியில் நீர் ஊறிச்செல்லும் கூடுகளும், உலர்குளங்களும், இறுதியில் ஓர் ஈரநிலமும் அமைத்தனர். தோட்டநிலம் கட்டடநிலமாகும்போதும் நீரை நிறுத்தும் வேலையைத் தொடர முடியும் என்பதற்கு அவ்வளாகம் சான்று.

அண்டை நாடான சிங்கப்பூரில் பீஷான் பூங்காவையொட்டி ஓடிய 2.7 கிலோமீட்டர் சிமெண்டுக் கால்வாயை 2012க்குள் வளைந்தோடும் ஆறாக மாற்றினர். மழை பெய்யும்போது பூங்காவின் ஓரங்களே வெள்ளத்திற்கு இடம் தருகின்றன. மழை ஓய்ந்தால் அங்கே மக்கள் உலவுகின்றனர். நியூயார்க் மாநகரம் 2010இல் வெளியிட்ட பசுமைக் கட்டமைப்புத் திட்டம், மழைக்காலத்தில் கழிவுநீர் பொங்கி வழிவதைத் தடுக்கச் சிமெண்டுக் கட்டுமானத்தை மட்டும் நம்பினால் 680 கோடி டாலரும், பசுமை முறைகளையும் சேர்த்தால் 530 கோடி டாலரும் ஆகும் என மதிப்பிட்டது. செல்வம் மிக்க நகரமே இக்கணக்கைப் பார்க்கிறது என்றால், சிறிய நகராண்மைக் கழகங்கள் பார்ப்பதில் வியப்பில்லை.

குறைந்த செலவின் வரிசை

மலாக்காவில் நான்கு ஊராட்சி மன்றங்கள் உள்ளன: மலாக்கா வரலாற்று மாநகர் மன்றம், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் நகராண்மைக் கழகங்கள். இவற்றின் கையிருப்புக்கு ஏற்ப எதை முதலில் செய்வது? தோட்டங்களின் பட்டறிவும் இக்காலப் பொறியியலும் ஒரே வரிசையைக் காட்டுகின்றன.

முதலாவது, இருப்பதை அழிக்காமை. தோட்டநிலம் கைமாறும்போது அதன் இடுக்கு, சதுப்பு, ஓடைக்கரை மரங்கள் ஆகியவற்றை அளந்து வரைபடத்தில் குறித்து, அவற்றைக் கட்டடப் பரப்பிலிருந்து விலக்க வேண்டும். இதற்குக் கட்டுமானச் செலவே இல்லை. தூர்த்துவிட்ட இடுக்கின் வேலையைப் பின்னர்ச் சிமெண்டால் செய்யப் புகுந்தால் செலவு பன்மடங்கு. நகருக்குள் இதற்கு நல்ல முன்மாதிரி புக்கிட் சீனா. 1984இல் அக்குன்றை மேம்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளும் திட்டம் எழுந்தபோது மக்கள் எதிர்த்துக் காத்தனர். முன்னோரின் கல்லறைக்காகக் காத்தார்கள். நகரின் நடுவே மழையை உறிஞ்சும் ஒரு பசுங்குன்றையும் சேர்த்துக் காத்துவிட்டார்கள். அதன் அடிவாரத்துப் பழங்கிணறு, அக்குன்றின் மண் நீரைக் கொள்வதற்கு இன்றும் சான்று.

இரண்டாவது, பொதுத்திடல்களைப் பயன்படுத்தல். பள்ளித் திடல், கோயில் வெளி, பூங்கா ஆகியவை மழை நாளில் வெறுமையாகவே இருக்கும். ஓர் ஏக்கர் திடலைச் சுற்றுப்புறத்தைவிட ஓரடி தாழ்த்தி, சிறிய வாய் ஒன்றின் வழியே மட்டும் நீர் வடியுமாறு அமைத்தால் ஏறத்தாழ 12 இலட்சம் லிட்டர் நீர் அங்கே சில மணி நேரம் நிற்கும். அஃது ஓர் எக்டருக்கு மேற்பட்ட பரப்பில் பெய்த 100 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். மறுநாள் பிள்ளைகள் அதே திடலில் விளையாடலாம். தோட்ட நிலத்தில் பிறந்த தமிழ்ப்பள்ளிகளுள் திடல் உள்ளவை, ஊரைக் காக்கும் தேக்கங்களாகவும் விளங்கக்கூடும்.

மூன்றாவது, புதிய சாலையோரங்களில் இயன்ற இடமெல்லாம் புல்வாய்க்கால். சிமெண்டு வடிகாலைவிட அகலம் வேண்டும். ஆனால் அமைக்கும் செலவு குறைவு. நீரின் வேகமும் குறையும். நான்காவது, கூரைநீர்த் தொட்டி. 500 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை 50,000 லிட்டர் தரும். எனினும் நிரம்பி நிற்கும் தொட்டி வெள்ளத்தைத் தடுக்காது. அன்றாடம் பயன்படுத்திக் காலியாக்கினால்தான் அடுத்த மழைக்கு அதில் இடம் இருக்கும்.

இம்முறைகளுக்கு எல்லையும் உண்டு. களிமண் நிலத்தில் நீர் எளிதில் ஊறாது. அங்கே ஊறல் குழியைவிட மெல்ல வடியும் உலர்குளமே ஏற்றது. செங்குத்துச் சரிவில் கணக்கின்றி நீரை நிறுத்தினால் மண் சரியும். நாட்கணக்கில் பெய்யும் பருவமழைப் பெருவெள்ளத்திற்கு முன் எந்தத் திடலும் போதாது. ஆறுகளின் கரையும், கழிமுகத்து மதகும், நீரேற்றும் பொறியும் அப்போது தேவை. பசுமை முறை அவற்றின் சுமையைக் குறைக்கும்; அவற்றை நீக்காது.

கொசுவைப் பற்றிய அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. மலேரியா கற்பித்த முதற் பாடத்தை டெங்கிக் காய்ச்சல் இன்று மீண்டும் நினைவூட்டுகிறது. விடை காலஅளவில் இருக்கிறது. கொசுமுட்டை முதிர்ந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் வேண்டும். ஆகவே உலர்குளமும் புல்வாய்க்காலும் ஓரிரு நாளில் வடிந்துவிடுமாறு அமைய வேண்டும். வெள்ளத்தைத் தடுக்க நீர் சில மணி நேரம் நின்றால் போதும். காய்ச்சலைத் தடுக்க அது பல நாள் நில்லாதிருந்தால் போதும். தோட்டத்தில் வெவ்வேறு இடங்களில் நின்ற இரு பாடங்களும் இங்கே ஒன்றுபடுகின்றன.

இவையெல்லாம் பராமரிப்பு இருந்தால்தான். வாரப்படாத வண்டல் குழி இரண்டொரு ஆண்டில் தரையோடு தரையாகும். புல்வாய்க்காலும் தேக்கக் குளமும் அப்படியே. தமிழகத்து ஏரிகளைக் குடிமராமத்து காத்தது. அம்முறை தளர்ந்தபோது ஏரிகள் தூர்ந்தன. தோட்டத்துக் குழிகளைக் காத்தது கூலியாளின் மண்வெட்டி. பசுமைக் கட்டமைப்பு மலிவானது என்பதற்குப் பொருள், பராமரிக்கும் கைகளுக்குக் குறைவாகக் கொடுக்கலாம் என்பதன்று. சிமெண்டுக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் உழைப்புக்குச் செலவிட வேண்டும் என்பதே. வடிகால் வாருபவரின் வேலையை இழிவென ஒதுக்கிய சமூகம் வெள்ளத்தைப் பற்றிப் புலம்புவதில் நியாயமில்லை.

சொல்லும் அறிவும்

மொழிக்கெனக் கூடிய இந்த அவையில் இறுதியாக ஒன்று. ஏரி, குளம், ஏந்தல், தாங்கல், ஊருணி, மதகு, தூம்பு, குமிழி, கலிங்கு, வரத்துக்கால், மறுகால் என நீரை நிறுத்துவதற்கும் அளந்து விடுவதற்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு. இலங்கை மலையகத் தோட்டங்களில் சரிவுக்குக் குறுக்கே வெட்டும் நீர்வழியைக் 'கான்' என்றனர். 'கான் வெட்டு' அங்கே ஒரு தனி வேலை. இவை அகராதிச் சொற்கள் மட்டும் அல்ல. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒரு வடிவமைப்பு இருக்கிறது. கலிங்கு என்ற சொல்லை அறிந்தவன், நிரம்பியபின் வழிய ஒரு வழி வேண்டும் என்பதையும் அறிந்தவன்.

மலேசியத் தமிழில் இவற்றுள் பெரும்பாலானவை வழக்கிழந்துவிட்டன. வடிகால் ஒன்றே எஞ்சியிருக்கிறது. ஓட்டுவதற்குச் சொல் இருக்கிறது. நிறுத்துவதற்குச் சொல் இல்லை. நகரம் கைவிட்ட பாடத்தை மொழியும் கைவிட்டிருக்கிறது. புதிய கையேட்டின் கலைச்சொற்களைத் தமிழாக்குவோர் ஒவ்வொரு சொல்லையும் புதிதாகப் புனைய வேண்டியதில்லை. உலர்குளத்தின் வழிவாய்க்குக் கலிங்கு என்றும், நீரை அளந்து விடும் சிறுவாய்க்குத் தூம்பு என்றும், திடலுக்கு நீர் கொணரும் புல்வாய்க்காலுக்கு வரத்துக்கால் என்றும் பெயரிட்டால், பள்ளிப் பிள்ளைகள் அறிவியலோடு தம் வரலாற்றையும் சேர்த்துக் கற்பர்.

அதற்கு முன் செய்ய வேண்டிய பணி ஒன்று இருக்கிறது. மலாக்காவின் தோட்டங்களில் குழி வெட்டிய, வரப்பிட்ட, கொடி பரப்பிய முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். எந்தச் சரிவில் நீர் எங்கே நின்றது, எந்த இடுக்கு எப்போது பெருகியது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்நிலங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி, நில வரைபடத்தில் குறித்து, அந்தந்த ஊராட்சி மன்றத்தின் மேசையில் வைப்பது தமிழ் அமைப்புகளால் இயலும் பணி. அடுத்த தோட்டம் வீடமைப்புக்குத் திறக்கப்படுமுன் அதைச் செய்துவிட வேண்டும்.